ஊர் ஊராகப் போகும்போது வீடியோ அனுப்ப என்ன கருவி வாங்கலாம்?



இந்த இதழின் பாடம் ஒரு தவறிலிருந்து ஆரம்பிக்கிறது. அந்தத் தவறு உங்களுடையது இல்லை, களப்பணியாளர்களான எங்களுடையது. அதை மறைக்காமல் எழுதினால்தான் உங்கள் பணம் அடுத்த முறை வீணாகாது. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறோம்.

நடந்தது என்ன?

கல்மண்டபத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர்கள் ஒரு கோரிக்கை வைத்தார்கள். விற்பனைக் கண்காட்சிக்கும் கண்டுணர் பயணத்துக்கும் போகிறபோது, அங்கே பார்க்கிறதை வீடியோ எடுத்து, அன்றைக்கே ஊரிலிருக்கும் குழுக்களுக்கு அனுப்ப ஒரு பொதுக் கருவி வேண்டும். விலை குறைவாக இருக்கணும், கைப்பையில் அடங்கணும். பொது நிதியிலிருந்து ரூ.9,000 வரை செலவு செய்யலாம் என்று தீர்மானமும் எழுதியாச்சு. வாங்கி வரும் பொறுப்பை எங்களிடம் விட்டார்கள்.

நாங்கள் போய் ஒரு டேப்லெட் வாங்கி வந்தோம். பெரிய திரை, பார்க்க அழகு, விலையும் ரூ.9,000க்குள். கூட்டத்தில் காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு மதுரையில் ஒரு விற்பனைக் கண்காட்சி. நம் உறுப்பினர்கள் நான்கு பேர் எழும்பூரில் ரயில் ஏறிப் போனார்கள். கருவாடு, மசாலாப் பொடி, பழவேற்காட்டுப் பனை ஓலைப் பெட்டி எல்லாம் கொண்டுபோனார்கள். இரண்டாம் நாள் ஒரு கடைக்காரர் கருவாட்டை எடுத்துப் பார்த்து, "எப்படிக் காய வைக்கிறீங்க? மணல்லயா, பரண் மேலயா?" என்று கேட்டார். "பரண் கட்டி, வலை விரிச்சு, அது மேலதான் சார்" என்றார் நம் அக்கா. "அந்த வீடியோ இருந்தா இப்பவே என் நம்பருக்கு அனுப்புங்க, எங்க முதலாளிகிட்ட காட்டிட்டு ஆர்டர் சொல்றேன்" என்றார் அவர்.

வீடியோ டேப்லெட்டில் இருந்தது. ஆனால் அனுப்ப முடியவில்லை. ஏனென்றால் அந்த டேப்லெட்டில் சிம் போடும் இடமே கிடையாது. வைஃபை இருந்தால் மட்டும்தான் வேலை செய்யும். கண்காட்சித் திடலில் வைஃபை இல்லை. நான்கு பேரில் மூன்று பேரிடம் பட்டன் போன். மிச்சம் ஒருவரின் போனிலிருந்து டேப்லெட்டுக்கு இணைப்புக் கொடுக்கப் பார்த்தார்கள். அவருக்கு அன்றைய நெட் பேக் காலையிலேயே தீர்ந்துவிட்டது. கடைக்காரர் பத்து நிமிஷம் நின்றார். "சரிம்மா, அப்புறம் வரேன்" என்று போனவர் திரும்பி வரவில்லை.

ஊருக்குத் திரும்பிய அக்கா எங்களிடம், "இன்னா மேடம், கண்ணாடி மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டீங்க. மூஞ்சி பார்க்கத்தான் ஆவுது" என்றார். எங்களால் பதில் பேச முடியவில்லை. சீல் பிரித்துவிட்டதால் கடையிலும் திருப்பி எடுக்கவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், வைஃபை மட்டும் என்று ஒரு ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. படிக்காதது எங்கள் தப்பு.

சகோதரிகளே, உறுப்பினர்கள் கேட்டது 'அனுப்புகிற' கருவி. நாங்கள் வாங்கியது 'எடுக்கிற' கருவி. இந்த வித்தியாசம்தான் இன்றைய பாடம்.

நமக்கு எதற்கு வீடியோ?

"வீடியோ எடுக்கிறதெல்லாம் படிச்சவங்க வேலை" என்று நம்மில் சிலர் இன்னும் சொல்கிறார்கள். அது சரியில்லை.

குஜராத் மாநிலம் அகமதாபாத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு 1984ஆம் ஆண்டிலேயே தன் உறுப்பினர்களுக்கு வீடியோ பயிற்சி கொடுத்தது. அமெரிக்காவைச் சேர்ந்த மார்த்தா ஸ்டூவர்ட் என்பவர் வந்து கற்றுக்கொடுத்தார். பயிற்சி எடுத்தவர்களில் தெருவில் காய்கறி விற்கிற பெண்களும் இருந்தார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். அவர்கள்தான் 'வீடியோ சேவா' என்ற பிரிவை நடத்தினார்கள்.

தெலங்கானாவில் ஜகீராபாத் அருகே பஸ்தாபூர் என்ற ஊர். அங்கே டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் சங்கப் பெண்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் தலித் குடும்பங்களைச் சேர்ந்த சிறு விவசாயிகள். அவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வாரங்கல் பகுதிக்குப் போய், பி.டி. பருத்தி போட்ட விவசாயிகளின் அனுபவத்தை மூன்று வருஷம் தொடர்ந்து படம் எடுத்தார்கள். அந்தப் படம் 2005இல் வந்தது. அதற்குப் பிறகு தென்னாப்பிரிக்கா, மாலி, இந்தோனேசியா வரை போய்ப் படம் எடுத்து வந்தார்கள். ஆக, பயணம் போகிற கிராமத்துப் பெண் கையில் கேமரா இருப்பது புதுசு இல்லை.

நம் கரையையே பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாவற்றிலும் எண்ணெய் அப்பிக்கொண்டது. அந்த நாட்களில் கரையிலிருந்தவர்கள் போனில் எடுத்த வீடியோக்கள்தான் வெளியூர் வரை விஷயத்தைக் கொண்டுபோயின. பிறகு அரசு நிவாரணம் அறிவித்தது. 2,301 குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500, 787 படகுகளைச் சரிசெய்யத் தலா ரூ.10,000 என்று அறிவிப்பு வந்தது.

இப்படிக் கணக்கெடுக்கிற நேரத்தில் "என் வலை கெட்டுப்போச்சு" என்று வாயால் சொல்வது ஒன்று. தேதியோடு வீடியோவைக் காட்டுவது வேறு ஒன்று. எங்களுக்குத் தெரிந்த ஒரு உறுப்பினர் அன்றைக்குப் போனை எடுத்தார். 'இடம் இல்லை' என்று திரையில் வந்தது. உறவுக்காரர்கள் அனுப்பிய காலை வணக்கப் படங்களும் பழைய கல்யாண வீடியோக்களும் போனை அடைத்துக்கொண்டிருந்தன. எதை அழிப்பது என்று தெரியாமல் போனை இடுப்பில் சொருகிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து நாற்றம் தாங்காமல் வலையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பிறகு காட்டுவதற்கு அவரிடம் எதுவும் இல்லை.

ஆகவே நமக்கு வீடியோ மூன்று காரியத்துக்குத் தேவை. விற்பனைக்கு, கற்றதைப் பகிர, நஷ்டத்துக்குச் சாட்சி வைக்க. மூன்றிலும் எடுத்தது கைவசம் இருக்கணும், நேரத்துக்குப் போய்ச் சேரவும் வேணும்.

கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகள்

கடைக்காரரிடம் "நல்ல செட் எது?" என்று கேட்டால் அவர் விற்க வேண்டியதைத்தான் காட்டுவார். முதலில் குழுவில் உட்கார்ந்து இந்த மூன்றுக்கும் பதில் எழுதுங்கள்.

1. எங்கே இருந்து அனுப்பப் போகிறோம்? ரயிலா, கண்காட்சித் திடலா, கழிமுகக் கரையா? அங்கே எந்த கம்பெனி சிக்னல் கிடைக்கும்?

2. யாருக்கு அனுப்பப் போகிறோம்? வாட்ஸ்அப்பில் நம் குழுவுக்கா, யூடியூபில் எல்லோருக்குமா, அதிகாரியிடம் சாட்சியாகவா?

3. யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? மீன் கூடையோடு போகிறவர் கையில் கனமான பொருள் தாங்காது. கண்ணாடி போடாமல் சின்ன எழுத்துத் தெரியாதவருக்கு ரொம்பச் சின்ன திரையும் உதவாது.

எது வேண்டும், எது வேண்டாம்?

*மடிக்கணினி:* 2011இல் ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கிய லேப்டாப் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து வீடியோவை வெட்டி ஒட்ட அது உதவும். பயணத்துக்கு ஆகாது. கனம் அதிகம், பழசானதால் பேட்டரி நிற்காது, இணைப்புக்கு எப்படியும் ஒரு போன் வேண்டும்.

*டிஜிட்டல் கேமரா:* படம் நன்றாக வரும். ஆனால் குறைந்த விலைக் கேமராவிலிருந்து நேராக அனுப்ப முடியாது. கார்டைக் கழற்றி வேறு கருவியில் போட வேண்டும். இரண்டு பொருள், இரண்டு சார்ஜர், இரட்டை வேலை.

*டேப்லெட்:* சிம் போடுகிற வகை, வைஃபை மட்டும் உள்ள வகை என்று இரண்டு உண்டு. விலை குறைவாக இருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. நாங்கள் மாட்டிக்கொண்டதும் அதில்தான். சிம் போடுகிற வகை என்றால் பெட்டியில் 4ஜி, 5ஜி அல்லது எல்.டி.இ. என்று எழுதியிருக்கும். அப்படி எழுதாவிட்டால் பயணத்துக்கு வேண்டாம்.

*பட்டன் போன்:* பேசுவதற்கு நல்லது, சார்ஜ் நிற்கும். வீடியோ வேலைக்குப் போதாது.

*சாதாரண டச் போன்:* எடுக்கலாம், வெட்டலாம், அனுப்பலாம். மூன்றும் ஒரே பொருளில். பழுதானால் ராயபுரத்திலும் பொன்னேரியிலும் சரிசெய்ய ஆள் உண்டு. எல்லாம் பார்த்த பிறகு எங்கள் முடிவு: குறைந்த விலையில் ஒரு 4ஜி அல்லது 5ஜி டச் போன் போதும். ஏற்கெனவே ஒரு உறுப்பினரிடம் நல்ல போன் இருந்தால் புதுசே வாங்க வேண்டாம். ஒரு மெமரி கார்டும் பவர் பேங்கும் வாங்கினால் போதும்.

போன் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. *சேமிக்கும் இடம்:* குறைந்தது 64 ஜி.பி. இதில் 20 ஜி.பி. அளவுக்குப் போனே எடுத்துக்கொள்ளும். மெமரி கார்டு போட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சில செட்டில் இரண்டாவது சிம்மும் கார்டும் ஒரே இடத்தில்தான் போடணும். அப்போது ஒன்றுதான் போட முடியும்.

2. *ரேம்:* 4 ஜி.பி.க்குக் குறைந்தால் வீடியோ ஏறிக்கொண்டிருக்கும்போதே போன் திணறும்.

3. *பேட்டரி:* 5,000 எம்.ஏ.எச். இருந்தால் நல்லது. வீடியோ எடுப்பதும் அனுப்புவதும் பேட்டரியை வேகமாகத் தின்னும். சிக்னல் குறைந்த இடத்தில் இன்னும் வேகமாகத் தின்னும்.

4. *கேமரா:* '50 மெகாபிக்சல்', '108 மெகாபிக்சல்' என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவார்கள். நம் வேலைக்கு அந்த எண் முக்கியம் இல்லை. வெளிச்சத்தில் ஒரு தடவை, கடைக்குள் நிழலில் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கை கொஞ்சம் ஆடினாலும் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். அதுதான் சோதனை.

5. *ஒலி:* பலரும் இதைப் பார்ப்பதில்லை. தெருவில் நின்று, இரண்டடி தள்ளி ஒருவரைப் பேசச் சொல்லி எடுங்கள். காற்று இரைச்சலில் பேச்சுக் கேட்காவிட்டால் படம் எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

6. *தண்ணீர்:* 'ஐபி 64' போன்ற குறி இருந்தால் தூசியும் தண்ணீர்த் தெறிப்பும் தாங்கும். கடலில் விழுந்தால் தாங்காது. உப்புக் காற்று சார்ஜ் ஏற்றும் ஓட்டையையும் கெடுக்கும். ஈரக் கையோடு சார்ஜ் போடாதீர்கள்.

7. *பில்:* கூட்டமைப்பின் பெயரில் ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். "பில் இல்லாம ஐந்நூறு குறைச்சுத் தரேன்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டி இல்லை. காணாமல் போனால் புகார் கொடுக்கவும் பில் வேண்டும். தணிக்கையில் நம் கணக்கும் இடிக்கும்.

கடைசியாக ஒரு சோதனை. உங்கள் சிம்மைப் போட்டு, ஒரு நிமிஷம் எடுத்து, கடை வாசலில் நின்றே ஊருக்கு அனுப்பிப் பாருங்கள். சீல் பிரிக்காத புதுப் பெட்டியில் இதைச் செய்ய விட மாட்டார்கள். அப்போது கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் அதே மாடலில் செய்யுங்கள். இல்லாவிட்டால் அதே மாடல் வைத்திருக்கும் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்து பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

உள்கடன் வட்டிக் கணக்கு போடுகிற நமக்கு இது பெரிய விஷயம் இல்லை. போன் கேமராவின் அமைப்பில் வீடியோவின் அளவை மாற்றலாம். 1080, 720, 480 என்று இருக்கும். எண் பெரிசானால் படம் தெளிவு. ஆனால் கனமும் கூடும். செட்டுக்குச் செட்டு மாறும் என்றாலும், ஒரு நிமிஷத்துக்குச் சுமார் இவ்வளவு என்று வைத்துக்கொள்ளலாம்:

1080 என்றால் 130 எம்.பி.
720 என்றால் 60 எம்.பி.
480 என்றால் 25 எம்.பி.

மூன்று நிமிஷ வீடியோ என்றால் முறையே 390, 180, 75 எம்.பி.

இப்போது வேகம். நெட்டில் இறங்குகிற வேகம் ஒன்று, ஏறுகிற வேகம் இன்னொன்று. படம் பார்ப்பது இறக்குவது. வீடியோ அனுப்புவது ஏற்றுவது. ஏறுகிற வேகம் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். "எனக்குப் படம் நல்லா ஓடுதே, அனுப்ப மட்டும் ஏன் சுத்திக்கினே இருக்குது?" என்று கேட்பதற்குக் காரணம் இதுதான்.

கூட்டமான இடத்தில் ஏறும் வேகம் 2 எம்.பி.பி.எஸ். கிடைக்கிறது என்று வைப்போம். நெட் வேகத்தை அளக்கிற 'பிட்' வேறு, வீடியோவை அளக்கிற 'பைட்' வேறு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். அதனால் எம்.பி.யை எட்டால் பெருக்கி வேகத்தால் வகுக்க வேண்டும்.

390 எம்.பி. ஏற 26 நிமிஷம்.
180 எம்.பி. ஏற 12 நிமிஷம்.
75 எம்.பி. ஏற 5 நிமிஷம்.

மதுரையில் அந்தக் கடைக்காரர் பத்து நிமிஷம் நின்றார். 480 அளவில் எடுத்திருந்தால், சிம் உள்ள போன் இருந்திருந்தால், அவர் நிற்கும்போதே வீடியோ போய்ச் சேர்ந்திருக்கும்.

நெட் பேக்கும் இதே கணக்குத்தான். ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. என்றால், 1080இல் எடுத்த மூன்று நிமிஷ வீடியோ நான்குகூட முழுசாகப் போகாது. 480இல் எடுத்தால் இருபது போகும்.

அதற்காக எப்போதும் 480 என்று இல்லை. அவசரமாக அனுப்ப 480. விற்பனைக்குக் காட்ட 720. நஷ்டத்தின் சாட்சியை 1080இல் எடுத்து அப்படியே வைத்திருங்கள்.

பழைய போன் வாங்கினால்

ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் கைமாறிய செட் விலை குறைவாகக் கிடைக்கும். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் நான்கு விஷயம் பார்க்கணும்.

முதலில், 2ஜி, 3ஜி மட்டும் உள்ள பழைய செட் வேண்டாம். வீடியோ போகாது. வெளிநாட்டிலிருந்து வந்த செட்டில் நம் சிம் எடுக்கிறதா என்று போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, திருட்டுப் போனா என்று பாருங்கள். ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்தையும் போட்டு, இடம் விட்டு, அந்த எண்ணை எழுதி 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். தடை செய்யப்பட்டது என்றோ போலி எண் என்றோ பதில் வந்தால் அந்தப் போனைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, ஆண்ட்ராய்டு 10க்குக் கீழே வேண்டாம். ரொம்பப் பழசானால் வாட்ஸ்அப்பே ஒரு நாள் நின்றுவிடும்.

நான்காவது, பழைய ஆளின் கணக்கு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். விற்கிறவர் எதிரிலேயே எல்லாவற்றையும் அழித்து, புதுசாகத் திறக்கச் சொல்லுங்கள். பழைய கணக்கின் பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் போன் உங்களுக்குப் பயன்படாது.

பயணத்தில் அனுப்பும் முறை

- கிளம்பும் முதல் நாள் இரவே சார்ஜ் ஏற்றி, தேவையில்லாத படங்களை அழித்து இடம் பண்ணுங்கள். வாட்ஸ்அப் அமைப்பில் தானாகப் படம் இறங்குவதை நிறுத்திவிடுங்கள்.

- பவர் பேங்க் 10,000 என்று போட்டிருந்தாலும் போனுக்குச் சுமார் 6,000தான் வந்து சேரும். ஒரு முறை முழுசாக ஏறும், கொஞ்சம் மிஞ்சும். பி.ஐ.எஸ். முத்திரை உள்ளதாக வாங்குங்கள். மலிவுச் சரக்கு சூடாகி ஆபத்தாகும்.

- ஓடுகிற ரயிலிலும் பஸ்ஸிலும் சிக்னல் டவர் மாறிக்கொண்டே இருக்கும். அனுப்பினால் பாதியில் நிற்கும். இறங்கிய பிறகு, அல்லது கூட்டம் குறைந்த இரவு நேரத்தில் அனுப்புங்கள்.

- பெரிய ரயில் நிலையங்களில் இலவச வைஃபை இருக்கிறது. முதல் 30 நிமிஷம் காசில்லாமல் பயன்படுத்தலாம். வீடியோ அனுப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பொது வைஃபையில் வங்கி வேலை செய்யாதீர்கள்.

- வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருங்கிவிடும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். சாட்சிக்கான வீடியோவை 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். 2 ஜி.பி. வரை அப்படியே போகும். அனுப்பிய பிறகும் மூலத்தை அழிக்காதீர்கள்.

- யூடியூபில் ஏற்றும்போது எல்லோரும் பார்க்கக் கூடாது என்றால் 'அன்லிஸ்டட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணைப்பு யாரிடம் இருக்கிறதோ அவர்கள்தான் பார்க்க முடியும். 'வைஃபை மட்டும்' என்று அமைப்பில் இருந்தால் சிம் நெட்டில் ஏறாது. அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

- ஆரம்பத்திலேயே வாயால் சொல்லுங்கள்: இன்றைய தேதி, நேரம், ஊர், எடுக்கிறவர் பெயர். போனின் தேதி தப்பாக இருந்தாலும் உங்கள் குரல் சாட்சி சொல்லும்.

- உப்புக் காற்றில் லென்ஸ் மங்கும். எடுக்குமுன் சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள்.

முக்கியமான ஒன்று. 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் நின்று வீடியோ எடுக்காதீர்கள். முதலில் விலகுங்கள், மற்றவரை எழுப்புங்கள். பாதுகாப்பான இடம் சேர்ந்த பிறகு எடுக்கலாம்.

பொதுக் கருவிக்குப் பொது விதி

பொதுப் பாத்திரத்தை யாரும் தேய்ப்பதில்லை என்பார்கள். போனும் அப்படி ஆகக் கூடாது. எங்கள் அனுபவத்தில் இந்த விதிகள் உதவின:

1. ஒரு நோட்டில் யார் எடுத்துப் போனார், எப்போது திருப்பினார், சார்ஜர் வந்ததா என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது.

2. சிம் யார் பெயரில் இருக்கிறது, மாதா மாதம் ரீசார்ஜ் எந்த நிதியிலிருந்து என்று தீர்மானத்தில் எழுதுவது. கருவி ஒரு முறைச் செலவு, ரீசார்ஜ் மாதச் செலவு. இதை மறந்தால் மூன்றாம் மாதம் போன் பெட்டிக்குள் போய்விடும்.

3. ஒருவரின் முகத்தை எடுக்குமுன் "எடுக்கட்டுமா, அனுப்பட்டுமா?" என்று இரண்டும் கேட்பது. எடுக்கச் சம்மதித்தவர் அனுப்பச் சம்மதிக்காமல் இருக்கலாம். குழந்தைகள், கடன் விவரம், பாஸ்புக் இவற்றைப் படத்தில் காட்டாமல் இருப்பது.

4. பயணம் முடிந்ததும் வீடியோக்களைப் பென்டிரைவில் ஏற்றி அலுவலகத்தில் வைப்பது.

5. காணாமல் போனால் உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது. புகார் நகலும் பில்லும் இருந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்தப் போனை முடக்கலாம். பணம் ஏமாந்தால் 1930க்குப் பேசுவது.

பிறகு என்ன ஆச்சு?

இரண்டாவது முறை நாங்கள் வாங்கப் போகவில்லை. உறுப்பினர்கள் மூன்று பேர் கொண்ட கொள்முதல் குழு போனது. பணத்தில் பாதியைக் கூட்டமைப்பு போட்டது, பாதியைக் களப்பணியாளர்கள் நாங்கள் போட்டோம். கையில் மேலே சொன்ன பட்டியல். மூன்று கடை ஏறி இறங்கினார்கள். "இந்த செட்டுல கேமரா சூப்பர்மா" என்ற கடைக்காரரிடம் ஒரு அக்கா, "கேமரா கெடக்கட்டும்பா, கார்டு எங்க போடறது, அதக் காட்டு" என்றாராம். ரூ.9,000க்குள் போனும் மெமரி கார்டும் வந்துவிட்டன.

அடுத்த கண்டுணர் பயணம் நாகப்பட்டினத்துக்கு. அங்குள்ள பெண்கள் மீன் ஊறுகாய் போடும் முறையை மூன்று நிமிஷம் எடுத்து, அன்று இரவு தங்கிய இடத்திலிருந்தே அனுப்பினார்கள். மறுநாள் காலை காட்டுக்குப்பம் குழுக் கூட்டத்தில் அதைப் போட்டுப் பார்த்தார்கள். படம் கொஞ்சம் ஆடியது. ஆனால் வினிகர் எப்போது ஊற்றுவது என்று எல்லோருக்கும் புரிந்தது.

அந்த டேப்லெட்டும் வீண் போகவில்லை. அலுவலக வைஃபையில் பயிற்சிப் படம் போட்டுக் காட்ட வைத்திருக்கிறோம். புதிதாக வருகிறவர்களிடம் அதைக் காட்டி, வாங்குமுன் பெட்டியில் உள்ள சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்கிறோம்.

குழுவில் கலந்து பேச

1. நம் குழுவில் எத்தனை பேரிடம் டச் போன் இருக்கிறது? அதில் இப்போது எவ்வளவு இடம் காலி?

2. ஒரு நிமிஷ வீடியோ எடுத்து அடுத்த குழுவுக்கு அனுப்பிப் பாருங்கள். எத்தனை நிமிஷம் ஆனது? 1080இலும் 480இலும் தனித்தனியாகச் செய்து ஒப்பிடுங்கள்.

3. நம் ஊரில் எந்த இடத்தில் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது? எல்லா உறுப்பினர்களுக்கும் அது தெரியுமா?

4. நாளைக்கே புயலோ கசிவோ வந்தால், படகு, வலை, வீடு இவற்றின் இன்றைய நல்ல நிலையைக் காட்டும் வீடியோ நம்மிடம் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே எடுத்து வையுங்கள். கெட்டதைக் காட்டுவதற்கு முன், நல்லா இருந்ததைக் காட்டணும்.

5. பொதுக் கருவி வாங்குவதாக இருந்தால், வாங்கப் போகிறவர் யார்? பயன்படுத்தப் போகிறவர் அந்தக் குழுவில் இருக்கிறாரா?

ஐந்தாவது கேள்வியை நாங்கள் முதலிலேயே கேட்டிருந்தால் இந்தப் பாடத்தை எழுத வேண்டியே வந்திருக்காது. உங்கள் குழுவின் பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த மாதம் கல்மண்டபம் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பேசுவோம்.